பார்டர் எப்போ வரும் சார்?

ஐரோப்பாவுக்கு டூர் அழைத்துப் போன இருபத்தைந்து வருடங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்விகள் இரண்டு. முதலாவது, "சார், டாய்லெட் எங்கே நிறுத்துவீங்க?" இரண்டாவது, "சார், பார்டர் எப்போ வரும்?"

முதல் கேள்விக்கு எப்போதும் பதில் இருந்தது. இரண்டாவதற்கு, "அது வந்து போயாச்சும்மா, இப்போ நாம ஜெர்மனியில இருக்கோம்" என்பேன். பஸ்ஸில் ஒரு ஏமாற்றப் பெருமூச்சு எழும். பாலத்தைப் படம் எடுக்கலாம் என்று கேமராவைக் கையில் வைத்திருந்தவர் பைக்குள் திரும்ப வைத்துவிடுவார். ஒரு கேட், ஒரு போலீஸ்காரர், பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை, எதுவுமே இல்லையா? நம் ஊரில் செக்போஸ்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஒரு குறையாகவே தோன்றும்.

நான் சொல்லும் பாலம் ரைன் நதியின் மேல் இருக்கிறது. பெயரே ஐரோப்பாப் பாலம். இந்தப் பக்கம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க், அந்தப் பக்கம் ஜெர்மனியின் கேல் என்ற சிறிய ஊர். பாரிஸில் ஈஃபில் கோபுரம் பார்த்த மறுநாள் காலை கிளம்பினால் ஏறக்குறைய 490 கிலோமீட்டர் ஓடி, மாலையில் இந்தப் பாலத்துக்கு வருவோம். அதைத் தாண்டி பிளாக் ஃபாரஸ்ட், குயில் கூவும் கடிகாரம், அடுத்து சுவிட்சர்லாந்து. பாலத்தைக் கடக்க பஸ்ஸுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

நான் இந்த வேலைக்கு வந்த 1990-களின் தொடக்கத்தில் நிலைமை இப்படி இல்லை. நாற்பது பேருடைய பாஸ்போர்ட்டும் என் தோள்பையில் இருக்கும். பிரான்சுக்கு ஒரு விசா, ஜெர்மனிக்கு ஒன்று, சுவிட்சர்லாந்துக்கு ஒன்று, ஆஸ்திரியாவுக்கு ஒன்று, இத்தாலிக்கு ஒன்று. ஒருவருக்கு ஒரு விசா வரவில்லை என்றால் அவருடைய பயணமே நின்றுபோகும். எல்லையில் பஸ்ஸை ஓரம் கட்டி, ஆபீசர் ஏறி, முகத்தையும் படத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பார். முப்பது வயதில் எடுத்த படத்தோடு ஐம்பது வயதில் வந்து நிற்பவர்களுக்காக நான் வாதாட வேண்டியிருக்கும்.

காசும் அப்படித்தான். என்னிடம் ஆறு சுருக்குப்பைகள் இருந்தன. பிரெஞ்சு பிராங்க், டச்சு கில்டர், ஜெர்மன் மார்க், சுவிஸ் பிராங்க், ஆஸ்திரிய ஷில்லிங், இத்தாலிய லிரா. நெடுஞ்சாலைக் கழிப்பறையில் போடுவதற்கு அந்தந்த நாட்டுச் சில்லறை வேண்டும். தவறான பையைத் திறந்துவிட்டால் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் அவஸ்தை சொல்லி முடியாது. 2002 ஜனவரி 1 அன்று யூரோ நோட்டுகள் புழக்கத்துக்கு வந்தபோது, 1,936 லிரா ஒரு யூரோவாகச் சுருங்கியது. என் பைகளும் ஆறிலிருந்து இரண்டாயின.

எல்லைகள் மறைந்த கதை 1985-இல் தொடங்குகிறது. அந்த ஜூன் 14-ஆம் தேதி, லக்ஸம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்ற சிறு கிராமத்துக்கு அருகில், மொசெல் நதியில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கையெழுத்திட்டன. பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து. லக்ஸம்பர்க், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சந்திக்கும் இடம் அது. இன்று நம் பிள்ளைகள் எல்லாரும் "ஷெங்கன் விசா கிடைச்சாச்சா?" என்று கேட்கிறார்களே, அந்தப் பெயர் ஒரு கிராமத்தின் பெயர்தான். 1995 மார்ச் 26 அன்று ஏழு நாடுகளில் இது நடைமுறைக்கு வந்தது. 1998 ஏப்ரலில் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையே உள்ள பிரென்னர் கணவாயில் தடுப்புக் கம்பம் அகற்றப்பட்டது. 2008 டிசம்பரில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்தது.

இவ்வளவையும் மைக்கில் சொல்லி முடித்துவிட்டு, ஒரு சினிமாப் பாட்டு போட்டுவிடுவேன். எனக்குத் தெரிந்த சரித்திரம் அவ்வளவுதான். அதற்கு அடியில் இருந்ததை எனக்குக் காட்டியவர் ஒரு பஸ் டிரைவர்.

ஐரோப்பாவில் டிரைவர்களுக்குச் சட்டம் கடுமை. நாலரை மணி நேரம் ஓட்டினால் நாற்பத்தைந்து நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். வண்டியில் உள்ள கருவி எல்லாவற்றையும் பதிவு செய்துவிடும். 1999-இல் எங்களுக்கு வந்த டிரைவர் ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். வயது ஐம்பது இருக்கும், அதிகம் பேசமாட்டார். அன்று பயணிகள் பெரிய தேவாலயத்தைப் பார்க்கப் போயிருந்தார்கள். ஒற்றைக் கோபுரம், 142 மீட்டர் உயரம், இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது. அதை இருபது தடவை பார்த்தவன் என்பதால் நான் பஸ் அருகிலேயே நின்றேன். டிரைவர் தன் அரைகுறை ஆங்கிலத்தில், "வாருங்கள், உங்கள் டூரில் இல்லாத ஒன்றைக் காட்டுகிறேன்" என்றார்.

பத்துப் பதினைந்து நிமிடம் நடந்திருப்போம். குடியரசுச் சதுக்கம் என்ற இடம். நடுவில் ஒரு போர் நினைவுச் சின்னம். ஒரு தாய் உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் சாய்ந்தபடி இரண்டு மகன்கள் உயிர் விடுகிறார்கள். சாகும் நேரத்தில் இருவரும் கை கோத்திருக்கிறார்கள். உடம்பில் துணி இல்லை.

"ஏன் யூனிபார்ம் இல்லை தெரியுமா?" என்று கேட்டார் டிரைவர். எனக்குத் தெரியவில்லை. "ஒருவன் பிரான்சுக்காகச் செத்தான். இன்னொருவன் ஜெர்மனிக்காகச் செத்தான். ஒரே அம்மா."

பிரான்சின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் ஒரு போர் நினைவுத் தூண் இருக்கும். 'பிரான்சுக்காக உயிர் நீத்தவர்கள்' என்று அதில் எழுதியிருக்கும். 1936-இல் திறக்கப்பட்ட இந்தச் சின்னத்தில் 'எங்கள் இறந்தவர்களுக்கு' என்று மட்டுமே இருக்கிறது. யாருக்காக இறந்தார்கள் என்று எழுத முடியவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய பாடம். நம் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் 'அல்சேஸ், லொரைன்' என்று மனப்பாடம் செய்திருப்போம். பிரான்சும் ஜெர்மனியும் சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பகுதிகள் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம். அந்த அல்சேஸின் தலைநகர்தான் ஸ்ட்ராஸ்பர்க்.

ஜெர்மன் சாயல் கொண்ட பேச்சு பேசிய இந்த நகரத்தை 1681-இல் பதினான்காம் லூயி மன்னர் பிரான்சோடு சேர்த்துக்கொண்டார். 1792-இல் பிரான்சின் தேசிய கீதம் எழுதப்பட்டது பாரிஸில் அல்ல, இங்கேதான். ரைன் நதிப் படைக்கான போர்ப்பாட்டாக அது பிறந்தது. 1870-இல் பிரஷ்யப் படைகள் நகரத்தை முற்றுகையிட்டன. குண்டுவீச்சில் அரிய கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த நூலகம் ஒரே இரவில் எரிந்துபோனது. 1871 உடன்படிக்கையின்படி அல்சேஸின் பெரும்பகுதியும், லொரைனில் ஒரு பகுதியும் ஜெர்மனிக்குப் போயின. பாரிஸின் கான்கார்ட் சதுக்கத்தில் பிரெஞ்சு நகரங்களைக் குறிக்கும் பெண் சிலைகள் உண்டு. அவற்றில் ஸ்ட்ராஸ்பர்க் சிலைக்குக் கறுப்புத் துணி போர்த்தித் துக்கம் காத்தார்கள். 1918 வரை அந்தத் துக்கம் நீடித்தது. அந்தச் சதுக்கத்தை நான் எத்தனையோ முறை பஸ்ஸில் சுற்றியிருக்கிறேன். எகிப்திலிருந்து வந்த கல்தூணைக் காட்டினேனே தவிர, அந்தச் சிலையைக் காட்டியதில்லை.

முதல் உலகப்போரில் அல்சேஸ், லொரைன் பகுதிகளிலிருந்து சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர் ஜெர்மன் படையில் இருந்தார்கள். அப்போது அவர்கள் ஜெர்மன் குடிமக்கள், வேறு வழியில்லை. சில ஆயிரம் பேர் தப்பிப் போய் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்து பிரான்ஸ் திரும்ப வந்ததும், மக்களின் பூர்வீகத்தைப் பார்த்து ஏ, பி, சி, டி என்று நாலு வகை அடையாள அட்டை கொடுத்தார்கள். பெற்றோர் பிரெஞ்சுப் பூர்வீகம் என்றால் ஏ, ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் என்றால் டி. 'டி' அட்டைக்காரர்களில் பலர் கையில் எடுத்துப்போகக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு ரைனைத் தாண்ட வேண்டியதாயிற்று.

1940-இல் ஹிட்லரின் ஜெர்மனி மறுபடி பிடித்தது. பிரெஞ்சில் பேசக் கூடாது, தெருப் பெயர்கள் மாற வேண்டும், மனிதர்களின் பெயர்களும் ஜெர்மன் வடிவத்துக்கு மாற வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அணியும் தட்டையான தொப்பியைக்கூடத் தடை செய்தார்கள். 1942 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய இடி வந்தது. இளைஞர்கள் கட்டாயமாக ஜெர்மன் படையில் சேர வேண்டும் என்று உத்தரவு. ஓடிப் போனால் குடும்பத்தை வேறு இடத்துக்குக் கடத்திவிடுவார்கள். அல்சேஸ், மொசெல் பகுதிகளிலிருந்து சுமார் 1 லட்சத்து 30 ஆயிரம் பேர் இப்படிப் போனார்கள். பெரும்பாலோரை ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பினார்கள். சுமார் 40 ஆயிரம் பேர் திரும்பவில்லை. பிரெஞ்சில் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டு. 'நம் விருப்பத்தை மீறிப் போனவர்கள்' என்று பொருள்.

டிரைவரின் அப்பா அவர்களில் ஒருவர். பத்தொன்பது வயதில் கொண்டுபோனார்கள். ரஷ்யர்களிடம் சரணடைந்து, தம்போவ் என்ற முகாமில் பசியிலும் குளிரிலும் கிடந்து, போர் முடிந்த பிறகு வீடு வந்தார். "வந்த பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசினால் யாரும் கேட்கத் தயாராக இல்லை. பாரிஸ்காரர்களுக்கு அவர் ஜெர்மன் யூனிபார்ம் போட்டவர்" என்றார் டிரைவர்.

அதற்கும் காரணம் உண்டு. 1944 ஜூனில் ஒராதூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் ஹிட்லரின் எஸ்.எஸ். படை 600-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்று ஊரையே எரித்தது. 1953-இல் அந்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது, குற்றவாளிக் கூண்டில் அல்சேஸ் இளைஞர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். தண்டனை கொடுத்தால் அல்சேஸ் கொதித்தது. மன்னிப்புக் கொடுத்தால் ஒராதூர் கொதித்தது. நாடாளுமன்றம் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தது. ஒராதூர்க்காரர்கள் அதைப் பல ஆண்டுகள் மன்னிக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு பக்கத்திலும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள் என்று மட்டும் தெரிகிறது.

திரும்பி நடக்கும்போது டிரைவர் இன்னொன்று சொன்னார். அவருடைய கொள்ளுப்பாட்டி 1868-இல் பிறந்தவர். பிறக்கும்போது பிரான்ஸ், மூன்று வயதில் ஜெர்மனி, ஐம்பது வயதில் பிரான்ஸ், எழுபத்திரண்டில் ஜெர்மனி, கண் மூடும்போது மறுபடி பிரான்ஸ். "நாலு தடவை நாடு மாறினார். ஒரு தடவைகூட வீடு மாறவில்லை" என்றார்.

அன்று மாலை ரைன் பாலத்தில் பஸ் ஏறியபோது வழக்கம்போல ஒருவர் "பார்டர் எப்போ வரும் சார்?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். எல்லையை அழித்தவர்கள் யார் என்று பார்த்தால், மூவருமே எல்லை ஓரத்தில் வாழ்க்கையைக் கண்டவர்கள். 1950 மே 9 அன்று, பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது நிர்வாகத்தின் கீழ் வைக்கலாம் என்று அறிவித்தவர் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன். லொரைன் பகுதிக் குடும்பம், லக்ஸம்பர்க்கில் பிறப்பு, பிறக்கும்போது ஜெர்மன் குடியுரிமை, முதல் போருக்குப் பிறகுதான் பிரெஞ்சுக் குடிமகன். இத்தாலியப் பிரதமர் தெ காஸ்பெரி, ஆஸ்திரியப் பேரரசில் இருந்த திரென்தினோவில் பிறந்து, முதல் உலகப்போருக்கு முன்பே வியன்னா நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். ஜெர்மன் பிரதமர் அடெனாவர், ரைன் கரையிலுள்ள கொலோன் நகரத்தின் மேயராக இருந்து ஹிட்லர் ஆட்களால் பதவி நீக்கப்பட்டவர். மூவருக்கும் ஜெர்மன் தெரியும். மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே பேசிக்கொள்ள முடிந்தது.

நிலக்கரியும் எஃகும் ஏன்? துப்பாக்கியும் பீரங்கியும் அவற்றில்தான் பிறக்கின்றன. இரண்டையும் சேர்ந்து நிர்வகித்தால் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஆயுதம் குவிக்க முடியாது. 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கைதான் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் விதை. அதற்கு முன்பே, 1949-இல் தொடங்கிய ஐரோப்பிய கவுன்சிலுக்கு ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைத்தான் தலைமையிடமாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் அங்கே கூடுகிறது. அதிகம் அடிபட்ட ஊர் எதுவோ அதில் வைத்தார்கள்.

அடுத்த டூரிலிருந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் அரை மணி நேரம் கூடக் கேட்டேன். கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. கடிகாரக் கடையில் நிற்கும் நேரம் குறைந்தால் அவர்களுக்கு நஷ்டம். பயணிகளிலும் சிலர் முணுமுணுத்தார்கள். "சிலை பார்க்கவா லட்சக்கணக்கில் கட்டினோம்?" என்று ஒருவர் கருத்துப் படிவத்திலேயே எழுதிவிட்டார். அதனால் வற்புறுத்தாமல், "விருப்பம் உள்ளவர்கள் என்னோடு நடக்கலாம், மற்றவர்கள் காபி குடிக்கலாம்" என்று மாற்றினேன். பெரும்பாலும் ஏழெட்டுப் பேர் வருவார்கள்.

2004-இல் அப்படி வந்தவர்களில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். வயது அறுபதைத் தாண்டியவர். நான் கதையைச் சொல்லி முடித்தும் அவர் நகரவில்லை. "தம்பி, எங்கப்பா சொல்தா" என்றார். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்காதவர்கள் இந்தியர் ஆவார்கள் என்பது விதி.

"அப்பாவும் அண்ணனும் எழுதிக் கொடுத்தாங்க. எனக்கு அப்பவே கடலூர்ல கல்யாணம் ஆயிடுச்சு, நான் கொடுக்கல. ஒரே வயிறு, ரெண்டு பாஸ்போர்ட். எங்களுக்குச் சண்டை எதுவும் வரல, சாமி புண்ணியம்" என்றார். பிறகு, "அண்ணன் இந்த நாட்டிலதான் இருக்கார், ஒரு போன் போடணும் தம்பி" என்றார். டெலிபோன் கார்டு வாங்கிக் கொடுத்தேன். பூத்துக்குள் நின்று பேசிவிட்டு வெளியே வந்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் இந்தச் சிலையைப் பார்த்ததே இல்லையாம்" என்றார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். 2017-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகர டிராம், ரைனைத் தாண்டிக் கேல் வரை ஓட ஆரம்பித்தது. ஒரு நாட்டில் ஏறி இன்னொரு நாட்டில் காய்கறி வாங்கி வரலாம். அதைக் கேட்டு மகிழ்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை, 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. ஜெர்மனி எல்லையை அடைத்தது. டிராம் பிரெஞ்சுக் கரையோடு நின்றது. கணவன் ஒரு கரை, மனைவி மறு கரை என்று மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஜூன் நடுவில்தான் வழி திறந்தது. 2024 செப்டம்பரிலிருந்து வேறு காரணங்களுக்காக ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் மறுபடி சோதனை வைத்தது. அழித்த கோட்டை மறுபடி போட ஒரு உத்தரவு போதும் என்று அப்போது தெரிந்துகொண்டேன். அழிப்பதற்கு மூன்று போர்கள் தேவைப்பட்டன.

ஆனாலும் 2020 மார்ச்சில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அல்சேஸ் ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல் போனபோது, அடைத்த எல்லையைத் தாண்டி பிரெஞ்சு நோயாளிகளை ஜெர்மன் ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்டன. செய்தியில் அதைப் பார்த்தபோது அந்த டிரைவரின் அப்பாவைத்தான் நினைத்தேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஐரோப்பா டூர் கிளம்பினால், பயண நிரலில் ஸ்ட்ராஸ்பர்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெரிய தேவாலயத்திலிருந்து குடியரசுச் சதுக்கத்துக்கு நடந்துபோய் அந்தத் தாயைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். போக வர அரை மணி நேரம் ஆகும், டிக்கெட் கிடையாது. அதன் பிறகு பஸ் பாலத்தில் ஏறும்போது பார்டர் எப்போது வரும் என்று கேட்கமாட்டார்கள்.